ஒரு பாடம் குறைவு

பல்கலைக்கழக அலுவலகத்தில் இரண்டாம் எண் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அலுவலர் அம்மாள், அவளுடைய ஐந்து வருஷப் படிப்பையும் ஒரே தாளில் வைத்து, ஒரு வரியின் மேல் பென்சிலால் வட்டம் போட்டார்.

"இந்தப் பாடத்த ரெண்டு பக்கமும் எண்ணியிருக்கீங்கம்மா."

"ரெண்டு துறைப் பட்டியல்லயும் இருக்கே மேடம்?"

"இருக்கும். எடுத்தது ஒரு தடவைதான? அத ஒரு பட்டத்துக்குத்தான் எண்ண முடியும்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தகவல் தொழில்நுட்பம் ஒரு பட்டம், சரித்திரம் ஒரு பட்டம் என்று இரட்டைப் படிப்பில் சேர்ந்தபோது, எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று கணக்குப் போட அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். வகுப்பு நேரம் மோதாமல், தேர்வு மோதாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாற்பது தடவை சோதித்தாள். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் அந்த ஒரு பாடம் இரண்டு பட்டியலிலும் இருந்ததைப் பார்த்து, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று குதித்தது இப்போது ஞாபகம் வந்தது. ஒன்றை இரண்டாக எண்ணக்கூடாது என்று அந்தப் புரோகிராமுக்கு அவள் சொல்லித் தரவில்லை. சொல்லாததை அது செய்யுமா? மகா புத்திசாலி, இதில் போய்க் கோட்டை விட்டாள்.

குறைகிற பாடம் அடுத்த வருஷம்தான் வரும். அதுவரை இருந்தால் இரண்டு பட்டமும் கிடைக்கும். இல்லையென்றால் ஒன்றை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டு, மற்றதை இன்றே வாங்கிக்கொள்ளலாம். வேலைக்குச் சேரும் கடிதம் பையில் இருந்தது; பதினைந்து நாளில் கணினிப் பட்டத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கும் வேலையிலிருந்து போன மாதமே நிறுத்திவிட்டார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். போட்டாள்.

அலுவலர் அம்மாள் எழுந்து போய், அலமாரியிலிருந்து அவளுடைய சரித்திர ஆய்வேட்டை எடுத்து வந்து நீட்டினார். கறுப்பு அட்டை, பொன் எழுத்து.

"பட்டம் இல்லேன்னா இது லைப்ரரிக்குப் போகாதும்மா. நீங்களே வச்சுக்கங்க." பிறகு, எதற்கோ வெட்கப்பட்டவர் போல, "நல்லா எழுதியிருக்கீங்கன்னு உங்க சார் சொன்னாரு" என்றார்.

அந்தச் சொல்தான் அவளை உடைத்தது. ஆய்வேட்டை உள்ளே வைத்துப் பையை மூடும்போது ஜிப் இரண்டு முறை சிக்கியது.

வராந்தா பெஞ்சில் தேய்த்த சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். மூடிப்போன நூற்பாலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அந்த ஆலையின் விபத்துப் பதிவேட்டில், அடிபட்ட முப்பத்தொரு பேரையும் 'கவனக்குறைவு' என்ற ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவர் வீடாகப் போய்க் கேட்டு, என்ன நடந்தது என்று பெயர் போட்டு எழுதினாள். அதுதான் அந்தப் புத்தகம்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுப்பா."

"அப்ப வா, லைப்ரரிய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடலாம். எங்க வைப்பாங்கன்னு பசங்க கேட்டுக்கிட்டே இருக்கானுங்க."

பசங்க என்றால் ஆலைக்காரர்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் படியேறிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நூலகப் பெண் நல்ல மாதிரி. ஆய்வேடுகள் இருக்கும் வரிசைக்குத் தானே கூட்டிப்போய், இந்த வருஷத்துப் புத்தகங்கள் வரும் தட்டைக் காட்டிவிட்டுப் போனாள். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தாள். அந்தக் காலித் தட்டை நாலு கோணத்தில் செல்போனில் படம் எடுத்து, "நம்ம புக்கு வர்ற இடம்" என்று பேசிப் பதிந்து ஆலைக்காரர்களுக்கு அனுப்பினார்.

உடனே ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் வர ஆரம்பித்தது. போன் அவர் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. போனைத் தள்ளிப் பிடித்து ஒரு பதிலைப் படித்தார்.

"நம்ம போர்மேன் கேக்குறான், அவன் பேரு எந்தப் பக்கத்துல வருதுன்னு. எந்தப் பக்கம்மா?"

பையின் வார் தோளில் அறுத்தது. அவள் தட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

"நாப்பத்தி மூணுப்பா."

"நாப்பத்தி மூணு" என்று போனில் சத்தமாகச் சொன்னார் அப்பா. இது நூலகம் என்று ஞாபகம் வந்தவராக, இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார்.