நூற்று எழுபத்தொன்றாம் நாள்

ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் அவனுக்கு வேலை போய் அன்றோடு நூற்று எழுபத்தொரு நாள். இன்னும் ஒன்பது நாள் சும்மா இருந்தால் போதும், வேலை கிடைத்துவிடும்.

கேட்கக் கோணலாக இருந்தாலும் கணக்கு நேரானது. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். இளைஞர்கள் வீட்டில் முடங்கிவிடக் கூடாதென்று அரசு ஒரு திட்டம் போட்டது. தொடர்ந்து நூற்று எண்பது நாள் வேலையில்லாதவரைச் சேர்த்துக்கொண்டால், ஓராண்டுக்குப் பாதிச் சம்பளத்தை அரசே கொடுக்கும். லிஃப்ட் பட்டறை முதலாளி ஸ்பேனரின் கைவேலையைப் பார்த்துவிட்டு, "நூத்தி எண்பத முடிச்சுட்டு வா தம்பி. முழுச் சம்பளம் குடுக்க எனக்குத் தெம்பில்ல" என்றார். நடுவில் ஒரே ஒரு நாள் கூலி பதிவானாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

சும்மா இருப்பதுதான் ஸ்பேனருக்கு வராத தொழில். வீட்டு ஃபேனையும் அக்காவின் தையல் மெஷினையும் இரண்டிரண்டு முறை கழற்றி மாட்டியாயிற்று. "இன்னொரு தடவ என் மெஷின் பக்கம் வந்தே, உன்னயே மடிச்சுத் தச்சிடுவேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அன்று மாதக் கையெழுத்துக்காக வேலைவாய்ப்பு அலுவலகம் போனான். நாற்பது பேர் வரிசை. டோக்கன் மெஷின் படுத்திருந்தது. டோக்கன் எண்ணைத் தட்டினால்தான் கணினியில் அவரவர் பக்கம் திறக்கும். இல்லையென்றால் கவுண்டரில் இருக்கும் மேடம் நோட்டில் கையால் எழுத வேண்டும், ஆளுக்குக் கால் மணி நேரம்.

மெஷின் டிக் டிக்கென்றது. அப்படியானால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. உருளை சுற்றுகிறது, தாள்தான் நகரவில்லை. தடை, தாளை வெட்டும் கத்தியருகே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். பதினோராவது நிமிடம் மூடி திறந்திருந்தது. கத்திக்கடியில் மாட்டியிருந்த தாள் துணுக்கை நகத்தால் இழுத்தான். சர்ரென்று டோக்கன் வந்தது.

வரிசை கைதட்டியது. முன்னால் நின்ற தாடிக்காரர், "மாப்ள, அப்படியே என் தலையெழுத்தையும் திறந்து பாரு" என்றார்.

மேடம் வவுச்சரோடு சிரித்தபடி வந்தார். "ஒரு நாள் கூலி. உங்க பதிவு எண் சொல்லுங்க."

ஸ்பேனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம் மேடம், சும்மாதான் பண்ணேன்."

"இங்க யார்கிட்டயும் சும்மா வேல வாங்கக் கூடாது தம்பி. போன ஆடிட்ல எங்களக் கழுவி ஊத்திட்டாங்க. மேல கேமரா வேற பாத்துட்டிருக்கு."

"எனக்கு நூத்தி எழுபத்தொரு நாள் ஆச்சு மேடம். இது பதிவாச்சுன்னா எல்லாம் போச்சு."

மேடத்துக்கு விதி தெரியும். வவுச்சரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ரிப்பேர் ஆனாத்தான் வவுச்சர். ஆகலன்னா எழுத எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நாற்பது பேர், ஆளுக்குக் கால் மணி. பத்து மணி நேரம். அலுவலகம் ஐந்துக்கே மூடிவிடும். பாதிப் பேர் நாளைக்கும் வந்து நிற்க வேண்டும். ஸ்பேனர் துணுக்கை விரலில் உருட்டினான். திணிப்பது எடுப்பதைவிட நுணுக்கமான வேலை. அதிகம் திணித்தால் கத்தி முறியும், குறைந்தால் தாள் வந்துவிடும். இரண்டாக மடித்து, அளவு பார்த்து உள்ளே செருகினான்.

டிக் டிக்.

"டேய், என்னடா பண்றே?" தாடிக்காரர் கத்தினார். "ஓடிட்டிருந்தத நிறுத்திட்டானே பாவி!"

மேடம் நோட்டைத் திறந்தார். ஸ்பேனர் முன்பு வந்திருந்த ஒரே டோக்கனைத் தாடிக்காரரிடம் நீட்டினான். அவர் பிடுங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வரிசையின் கடைசிக்குப் போனான். அங்கே நின்றவர் ஓர் அடி விலகி நின்றார்.

தாள் நகராமல் சுற்றும் உருளை மோட்டாரைச் சூடாக்கும். லேசாகக் கருகல் வாடை வந்தது. நெடுநேரம் பொறுத்துப் பார்த்தான்.

"மேடம், சுவிட்சையாவது அணைச்சிடட்டுமா?"

"தொடாதீங்க" என்றார் மேடம், எழுதிக்கொண்டே.