கேக்கல, கேக்கல

எங்கள் மேயர் லோயிஸ் பெட்ரூக்கை அசடு என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். கணினியைத் தொட்டால் அவருக்குக் கை உதறும், அவ்வளவுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பெண்மணி. கனடாவின் மானிட்டோபா குளிரில், வழுக்கும் சாலையில், ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் வீடு சேர்த்தவர்.

போன நவம்பரில் பனிப்புயல் என்பதால் கவுன்சில் கூட்டம் வீடியோவில் நடந்தது. அதைப் பதிவு செய்து ஏற்றுவது டவுன் ஆபீஸ் குமாஸ்தாவான என் வேலை. லோயிஸ் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மைக் அணைந்திருந்தது. கேமராவில் அவருடைய மூக்கு மட்டும் தெரிந்தது.

"கேக்கல!" என்றார்கள் கவுன்சிலர்கள்.

எதையோ அமுக்கினார். "இப்ப கேக்குதா?" என்றார். மறுபடி எதையோ அமுக்க, மறுபடி ஊமை.

"கேக்கல, கேக்கல!"

கர்டிஸ் விட்டானா? ரிங்க் என்கிற ஐஸ் ஹாக்கி அரங்கில் பாட்டுப் போடுகிறவன் அவன். அந்த மூக்கையும் அந்தக் குரலையும் வெட்டி ஒட்டி, தாளம் சேர்த்து இணையத்தில் விட்டான். ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பரவியது. எங்கள் ரிங்க்கில் கோல் விழுந்தால் அதுதான் பாட்டு. லோயிஸ் குரல் "கேக்குதா?" என்னும்; கூட்டம் கைதட்டி "கேக்கல, கேக்கல!" என்னும். குளிர்காலம் முழுக்க வேலை இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் போன் அடித்து, எடுத்ததும் அந்தக் குரலை ஓடவிட்டுச் சிரித்தார்கள். லோயிஸ் மளிகைக் கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவளே பாடினாள். அவரும் சிரித்து வைத்தார். வேறு என்ன செய்வார்?

அன்று ஊமையாக அவர் பேசியது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு என்னிடம்தான் சொன்னார்: ஆற்றின் கிழக்குக் கரையில் விரிசல் விட்டிருக்கிறது, வசந்தத்துக்குள் அடைக்க வேண்டும் என்று. நான் இரண்டு கவுன்சிலர்களிடம் சொன்னேன். இரண்டு பேரும் பாட்டைப் பாடிக் காட்டினார்கள். விரிசல் அப்படியே கிடந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆற்று ஐஸ் உடைந்து, பாலத்தடியில் மலையாகக் குவிந்து தண்ணீரை மறித்தது. கிழக்குக் கரை கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழே பள்ளத்தெரு. அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகிற எச்சரிக்கை போனுக்கு லோயிஸ் குரலைப் பதிவு செய்தேன். வாயைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் முதல் வார்த்தை வந்துவிட்டது.

"கேக்குதா? மேயர் பேசுறேன். பள்ளத்தெருக்காரங்க உடனே வீட்ட விட்டுக் கிளம்புங்க..."

"மறுபடி எடுக்கலாமா?" என்றேன்.

"நேரமில்லப்பா. அனுப்பு."

அனுப்பினேன். எத்தனை பேர் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று திரையில் தெரியும். ஏறக்குறைய எல்லோரும் முதல் வார்த்தையிலேயே வைத்துவிட்டார்கள்.

"ரிங்க்குக்கு வண்டிய எடு," என்றார் லோயிஸ். எங்கள் தன்னார்வத் தீயணைப்பு ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுக்கவில்லை.

உள்ளே நுழைந்தால் காது கிழிகிற இரைச்சல். லோயிஸ் நேராகப் போய் அறிவிப்பு மைக்கைப் பிடுங்கினார். அது கரகரத்து, விட்டுவிட்டு வந்தது.

"எல்லாரும் கொஞ்சம்... கேக்குதா?"

ரிங்க்கே எழுந்து நின்றது. மேயரே வந்துவிட்டாராம், தன் பாட்டைத் தானே பாட!

"கேக்கல, கேக்கல!"

மேலே கண்ணாடி அறையில் இருந்த கர்டிஸ் சிரித்துக்கொண்டே தாளத்தைத் தட்டிவிட்டான். "கரை உடையுது!" என்று லோயிஸ் கத்தியது அந்தத் தாளத்துக்குள் போய்விட்டது. நான் படியேறி ஓடி, அவன் பாட்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.

"டேய்! உனக்கென்ன பைத்தியமா?" என்றான்.

பின்னாலேயே லோயிஸ் மூச்சிரைக்க வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கர்டிஸ், கிழக்குக் கரை போகுதுப்பா. உங்கம்மா வீட்லயா இருக்காங்க?"

அவன் முகம் செத்துவிட்டது. அவன் அம்மா நெட்டிக்குப் பள்ளத்தெருவில் கடைசி வீடு, கரையை ஒட்டியது. போனை எடுத்து ஒலியைக் கூட்டி வைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"ஏன்டா, ஆட்டம் முடிஞ்சிருச்சா? பெரோகிக் கொழுக்கட்டை வேகப் போட்டிருக்கேன், வா. உன் பாட்டு இப்பதான் போன்ல வந்துச்சு. அந்தம்மா 'கேக்குதா'ன்னதும் எனக்குச் சிரிப்புத் தாங்கல, வச்சுட்டேன்."

"அம்மா, அது பாட்டு இல்ல! நிஜமாவே மேயரு! தண்ணி வருதும்மா, வெளிய போ, மேட்டுக்குப் போ! அம்மா, கேக்குதா? நான் சொல்றது கேக்குதா?"

கீழே கூட்டம் இசை இல்லாமலேயே கைதட்டிக்கொண்டிருந்தது. போனில் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். நெட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கேக்கல, கேக்கல!" என்று பாடிவிட்டு வைத்தாள்.

கர்டிஸ் திரும்ப அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.