கடைவீதி வழியாகத்தான் போகணும்

நாலு நாள் சைக்கிள் பயணம், இராஜபாளையத்திலிருந்து கம்பம் வரை. பாத்திரக் கடையை நாலு நாளும் பூட்டப் போகிறேன் என்றதும் என் மனைவி சௌதா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தே நாற்பத்தாறு வயதாகிவிட்டது, ஒரு தடவையாவது அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஆசை.

எங்கள் சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவர் மில் என்ஜினியர் கௌதம்ராஜ். முதல் நாள் காலையில் சேத்தூர் வரை போய் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக, இரவுக்கு மலையடிவாரக் காட்டில் செண்பகத்தோப்பு என்பது திட்டம். திரும்பும்போது எங்கள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு யாரும் பார்க்காத ரோட்டில் போவதற்கு எதற்கு அந்தச் சட்டை? ஒரு வாரம் பேரம் பேசி வழியை மாற்றினேன்.

"சரி ஹபீப் பாய், கடைவீதி வழியாவே போவோம். ஆனா வன்னியம்பட்டி விலக்குல டீ. அங்கேருந்து கெளம்புறப்ப யாரு இல்லையோ, அவிய வேன்ல ஏறி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பாரஸ்ட்காரங்க எல்லாரையும் ஒண்ணாத்தான் உள்ள விடுவாங்க."

சேத்தூர் போய்த் திரும்பும்வரை நான் முன்வரிசைதான். திரும்பும்போது இடதுகைப் பக்கம் மலை கூடவே வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் ஜவுளிக்கடைப் படியிலிருந்து யாரோ, "ஏலே, அது நம்ம ஹபீப் பாயில்லா" என்றார்கள். போதும், அதற்காகத்தானே ஒரு வாரப் பேரம்.

என் கடை வாசலில் வேலுத்தாய் அக்கா நின்றுகொண்டிருந்தார். மகள் கல்யாணச் சீருக்குப் பித்தளை அண்டா பார்த்துவிட்டு, போன வாரம் விலை படியாமல் போனவர்.

"பாய், அண்டா எடுக்க வந்தேன். மொத போணி நாந்தான்."

போணி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி எங்கள் கடைவீதியில் பழக்கம் இல்லை. என்னைக் கேட்காமலே கால் தரையில் ஊன்றிவிட்டது. மற்றவர்கள் என்னைக் கடந்து போனார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஸ்வீட்லின் மட்டும் திரும்பிப் பார்த்து, "பாய், இப்ப எதுக்கு எறங்குதீங்க?" என்றாள்.

"செத்த நேரம்தாம்மா."

கடைசி ஆளுக்குப் பின்னால் வரவேண்டிய வேன், என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. டிரைவர் சோணைமுத்து கதவைத் திறந்தே வைத்தான்.

ஷட்டரைத் தூக்கினேன். அக்கா ஒரு விலை சொன்னார். அவசரத்தில் நான், "சரி, எடுத்துக்கோங்க" என்றேன்.

சுருக்குப்பையை அவிழ்த்த கை நின்றுவிட்டது.

"என்னது, சரியா? போன வாரம் இந்த வெலைக்கு என்னைய அடிக்காத கொறையா வெரட்டுனீக." அண்டாவைத் தட்டினார், கவிழ்த்துப் பார்த்தார். "ஓட்டையா?"

"ஓட்டையெல்லாம் இல்லக்கா."

"பொறவு ஏன் சண்டை போடாம குடுக்கீக?"

"அப்பன்னா கூடக் குடுங்க."

"இந்தா, இப்ப ஏத்துதீக. என்னமோ இருக்கு. தண்ணி ஊத்திக் காட்டுங்க."

நாலு பேர் இறங்கிக் குளிக்கிற அண்டா அது. ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன்.

"மெதுவா ஊத்துங்க பாய்" என்றான் சோணைமுத்து வேனுக்குள்ளிருந்து. "நான் சீட்டத் தொடச்சு வைக்கேன்."

அந்தச் சீட்டில் உட்கார்ந்து இதே கடைவீதி வழியாக வீடு திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். குடத்தைக் கீழே வைத்தேன்.

"அக்கா, பாத்திரம் நல்ல பாத்திரம். நான் சைக்கிள்ல கம்பம் வரைக்கும் போறேன். எல்லாரும் போயிட்டாக. அதான் அவசரம்."

அப்போதுதான் அவர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "கடைக்கு வெளம்பரம்னுல்லா நெனச்சேன். மொதல்லயே சொல்லக்கூடாதா? போயிட்டு வாங்க. கல்யாணத்துக்கு மாசம் கெடக்கு. வந்து ஒழுங்காச் சண்டை போட்டுக் குடுங்க, அப்பந்தான் எனக்கு மனசு ஆறும்."

போணி ஆகவேண்டியவர் வெறுங்கையோடு தெருமுனை திரும்பினார். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

அதற்கப்புறம் மிதித்தது நானில்லை, எனக்கே தெரியாத ஒரு ஆள். முன்னால் போன டவுன் பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் முந்தினேன், அடுத்ததில் அது என்னை முந்தியது. ஜன்னலோரம் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். தொடை எரிந்தது. எரியட்டும்.

விலக்கில் டீக் கிளாஸ்கள் காலியாக இருந்தன. மஞ்சள் சட்டைகள் நகர ஆரம்பித்துவிட்டன. கூப்பிட மூச்சு இல்லை. விடாமல் மணியை அடித்தேன். கௌதம்ராஜ் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி திரும்பினார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீ கெடையாது பாய்."

"வேணாம்."

"அப்ப எறங்காதீங்க. அப்படியே வாங்க."

ஸ்வீட்லின் பக்கத்தில் வந்து ஒரு வடையை நீட்டினாள். ஒரு கையை விட்டு வாங்கினேன். சைக்கிள் ஆடியது, பிறகு நேரானது.

"வியாபாரம் முடிஞ்சுதா பாய்?"

"இல்லம்மா" என்றேன் வாய் கொள்ளாத வடையோடு. அதைச் சொல்லிவிட்டு என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.