ஜெகதீசன் அமுக்கிய கீ

சிறுசேரி ஆபீசில் மவுஸைத் தொடாமல் வேலை பார்க்கிறவள் ஹனியா ஒருத்திதான். அவள் திரையில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிழாது. தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி தாமாகவே இடம் பிடித்து நிற்கும். எந்தக் கீயை அமுக்கினால் எது எங்கே போகவேண்டும் என்பதையெல்லாம் அவளே உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

டீம் லீட் ஜெகதீசன் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கித் தன் மெஷினில் போட்டுக்கொண்டார். ஆண்டு விழா மேடையில் அது அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது. கைதட்டலுக்கு நடுவே, "நம்ம ஹனியாவுக்குக்கூட நான்தான் கத்துக்குடுத்தேன்" என்று வேறு சொன்னார்.

ஹனியாவுக்குக் காது எரிந்தது. பக்கத்திலிருந்த வினிதா கையைப் பிடித்து அழுத்தினாள். "வுடுடி. எதுக்குப் பேஜாரு?"

ஹனியா விட்டவள் மாதிரிதான் இருந்தாள்.

வெளிநாட்டு கிளையண்ட் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே ஜெகதீசன் அவள் சீட்டருகே வந்து நின்றார். "இன்னாம்மா, புச்சா எதுனா மாத்தினியா? அனுப்பி வுடு."

மாற்றித்தான் அனுப்பினாள். விண்டோவைப் பெரிதாக்குகிற கீ இனி அதை மூடிவிடும். புது விண்டோ திறக்கிற கீயை எடுத்தே விட்டாள். இரண்டு மாற்றத்தையும் ஃபைலின் முதல் வரியிலேயே எழுதியும் வைத்தாள். படித்தால் தப்பிக்கட்டும். படிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

மீட்டிங் அறையில், ஹனியாவும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்க, ஜெகதீசன் வரைபடத்தைப் பெரிதாக்கக் கீயை அமுக்கினார். அது காணாமல் போனது. மறுபடி அமுக்கினார்; பக்கத்தில் இருந்ததும் போனது. பதறிப் பதறி அமுக்க, கடைசியில் வெறும் கறுப்புத் திரை. சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"ஹனியா, வாம்மா. இன்னான்னு பாரு."

அவள் எழுந்திருக்கவில்லை. "நீங்க எழுதினதுதான சார்? உங்களுக்குத் தெரியாதது எனக்கு இன்னா தெரியப்போவுது?"

கிளையண்ட் தரப்பு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டு, "இவங்க எழுதினதுதான்" என்றார்.

"கேக்கல சார்" என்றாள் ஹனியா.

இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி, கிளையண்டுக்கும் புரிகிற மாதிரி இங்கிலீஷில் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஹனியா எழுந்து போய்ச் சரிசெய்து கொடுத்தாள்.

சாயங்காலம் கோவளம் பஸ்ஸுக்கு நிற்கையில் வினிதா சொன்னாள்: "அந்தாளு மூஞ்சியப் பாக்கவே பாவமாக் கீதுடி."

ஹனியாவுக்குப் பாவமாக இல்லை. மூன்றாம் தடவையும் சொல்ல வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.