ஏரியில் மூன்று படகுகள்

அண்ணி வந்த மூன்றாம் மாதம் என் நாற்காலி அவளுடையதாயிற்று. யாரும் என்னை எழுப்பிவிடவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே நிமிஷம் பூனை, இத மட்டும் பாத்துட்டு எந்திரிச்சிடுறேன்."

அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

பூனை என்பது நான்தான். சத்தமில்லாமல் நடக்கிறேன், ஆள் வந்தால் ஒளிந்துகொள்கிறேன் என்று அண்ணி வைத்த பெயர். வைத்த ஒரே வாரத்தில் அண்ணனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நான் பிறந்ததிலிருந்து கூப்பிட்ட பெயரை அவன் எப்படி அவ்வளவு சுலபமாக விட்டான் என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் திட்டித் தீர்த்தபோது அண்ணன்தான், "கடைக்கு வரட்டும், கம்ப்யூட்டர் கேள்வி கேக்காது" என்று சொல்லி என்னைத் தன் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனான். முன்னறையில் அவன் பாஸ்போர்ட் படம் எடுப்பான். உள்ளறையில் ஜன்னல் கிடையாது. சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காகச் சாம்பல் வர்ணம் அடித்திருக்கும். அங்கே பெரிய திரைக்கு முன்னால் நான் இருப்பேன்.

பாஸ்போர்ட் படம் பிழைப்பு. ஏரியும் மலையும் எடுப்பது அண்ணனுக்குப் பைத்தியம். அவன் எடுத்து வருவதை நான் உள்ளபடி வைப்பேன். காலையில் ஏரி எப்படி இருந்ததோ அப்படி. நிழல் கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும். "நான் பாத்ததும் இதேதான், ஒரு இம்மி கூட மாறல" என்பான் அண்ணன். அதைக் கேட்கத்தான் நான் தினமும் கடைக்குப் போனேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அண்ணி எச்.டி.ஆர். என்று ஒன்றைக் கொண்டு வந்தாள். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, ஒரே காட்சியை ஐந்து தடவை எடுக்க வேண்டும். முதல் படம் கும்மிருட்டு, கடைசிப் படம் கண்கூசும் வெளிச்சம். வானத்தை இருட்டுப் படத்திலிருந்தும், நிழலை வெளிச்சப் படத்திலிருந்தும் பொறுக்கி மென்பொருள் ஐந்தையும் ஒன்றாக்கிவிடும். வெளியே வரும் படத்தில் மேகம் ஒவ்வொன்றும் உருட்டித் திரட்டியதுபோல் இருக்கும், இலைகளை எண்ணலாம், புல் அந்தப் பச்சையில் எங்கும் முளைத்திருக்காது.

"வானத்துக்குக் கல்யாண மேக்கப் போட்ட மாதிரி இருக்கு" என்றேன் ஒரு நாள். நான் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசுவதே அபூர்வம். இதற்குப் பேசினேன்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னங்க, கேட்டீங்களா? பூனைக்குக் கோவம் வந்தா கவிதையா வருது!"

அண்ணனும் சிரித்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைக்கு வந்தவர்களெல்லாம் அவள் படத்துக்கு முன்னால்தான் நின்றார்கள். "அடேங்கப்பா" என்பார்கள். என் படத்துக்கு முன்னால் யாரும் அடேங்கப்பா சொன்னதில்லை.

இரண்டு தெரு தள்ளி இருந்த கண் மருத்துவமனையிலிருந்து அந்த வேலை வந்தது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவருக்குப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஏரிப் படம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அண்ணன் விடியற்காலையில் போய் ஐந்து படங்கள் எடுத்து வந்தான்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு பண்ணுங்க. யாரு பண்ணதுன்னு சொல்லாம காட்டுவோம். டாக்டரம்மா எத எடுக்குறாங்களோ அது" என்றான். "இனிமே பெரிய சுவர் வேலை வந்தா, ஜெயிச்சவங்களேதான் பாத்துப்பாங்க."

அவன் விளையாட்டாகச் சொன்னான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஐந்தில் நடுப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். மலை புகைபோல் நின்றது. தண்ணீர் ஈயம்போல் கிடந்தது. நடுவில் ஒரு படகு. அதில் துடுப்பைத் தூக்கியபடி ஒரு ஆள். கரையில் பெரிய மரத்தின் அடியில் கறுப்பு.

அண்ணி ஐந்தையும் ஒன்றாக்கினாள். மலை விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. வானம் ஊதாவும் ஆரஞ்சுமாக எரிந்தது. அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மரத்தடி. நான் கறுப்பு என்று விட்ட இடத்தில், பாசி படிந்த ஒரு கல் படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. ஏழு படிகள். எட்டு வருஷமாக அந்த ஏரிப் படங்களைப் பார்க்கிறேன். அங்கே படிக்கட்டு இருப்பது எனக்குத் தெரியாது. இவள் வந்து சில மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரம்மா இரண்டு சின்னப் பிரதிகளையும் கையில் வைத்துப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்து, "இது அமைதியா இருக்கு" என்றார். அண்ணியுடையதைப் பார்த்து, "ஐயோ, படிக்கட்டு! இறங்கிப் போயிடலாம் போல இருக்கே" என்றார். அதோடு முடிந்தது.

பிரிண்டுக்கு அனுப்பும் முன் எந்தப் படத்தையும் முழு அளவில் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்ப்பது எங்கள் கடையின் வழக்கம். அது என் வேலை. அண்ணிக்கு அந்தப் பொறுமை இல்லை. அன்றும் நான்தான் பார்த்தேன்.

ஐந்து படம் எடுக்கும் நேரத்தில் படகு நகர்ந்திருந்தது. மென்பொருளில் நகர்ந்ததை நீக்கும் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும்; அண்ணி போடவில்லை. கும்மிருட்டுப் படத்திலும் கண்கூசும் படத்திலும் படகு தெரியவில்லை; மற்ற மூன்றிலிருந்தும் வந்து ஏரியில் மூன்று படகுகள் இருந்தன, ஒன்றின் வயிற்றிலிருந்து இன்னொன்று வருவதுபோல. அவற்றில் ஒரே ஆள் மூன்று முறை, கண்ணாடி மாதிரி, உடம்புக்குள் தண்ணீர் தெரிய உட்கார்ந்திருந்தான். சின்னப் பிரதியில் அது அரிசி அளவு. பன்னிரண்டு அடியில் உள்ளங்கை அளவாகிவிடும்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி சாப்பிடப் போன நேரத்தில், என் நடுப்படத்திலிருந்து படகை வெட்டி எடுத்து, அவள் நிறத்துக்குத் தோதாக மாற்றி, அந்த மூன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. 'படகு' என்று பெயர் போட்டு என் ஃபோல்டரில் வைத்துக்கொண்டேன். அவள் படத்தை மட்டும் இருந்தபடியே விட்டேன்.

அண்ணன் கதவில் நின்று கேட்டான்: "பாத்துட்டியா? அனுப்பலாமா?"

தலையாட்டினேன்.

படத்தை மூன்று பலகைகளாக மாட்டினார்கள். நான்காம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. மூவரும் ஓடினோம்.

கூடத்தில் ஒரு பெரியவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டு பிரித்ததும் நர்ஸ் அவரைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்திருக்கிறாள்.

"எனக்கு மூணா தெரியுதும்மா. கண்ணு போச்சு. வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், என் பொண்ணு கேக்கல" என்று அழுதார். அழக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

"நேத்தும் ரெண்டு பேரு சொன்னாங்க" என்றார் டாக்டரம்மா. "நானும் அவங்கள உக்காரவச்சு மறுபடி டெஸ்ட் எடுத்தேன். இன்னைக்குத்தான் படத்தப் பக்கத்துல போய்ப் பாத்தேன். கண் ஆஸ்பத்திரி சுவத்துல இப்படி ஒரு படம் வைக்கலாமா தம்பி?"

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. என் பக்கம் திரும்பினான். "நீ பாத்தேன்னு தலையாட்டினியே?"

நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அவள எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் அண்ணி. "டிக் போடாம விட்டது நான். தப்பு என்னோடது." பிறகு பெரியவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "ஐயா, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. என் கண்ணுலதான் கோளாறு. நானும் அங்க மூணுதான் பாக்குறேன், பாருங்க." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நெஜமாவா?" என்றார். கூடமே சிரித்தது. அப்போதும் எனக்குத் தோன்றியது இதுதான்: இதையும் இவளால் எவ்வளவு அழகாகச் செய்ய முடிகிறது.

கடைக்கு வந்ததும், "நடுப்பலகைய மட்டும் மறுபடி அடிச்சாப் போதும். உன் படத்துலேருந்து படகக் குடு பூனை" என்றாள். எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள். என் ஃபோல்டரைத் திறந்தேன். 'படகு' முதலாவதாக நின்றது, பக்கத்தில் தேதி. படம் பிரிண்டுக்குப் போன அதே நாள். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. ஒரு முறை நின்று மறுபடி வந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆயிடுச்சுங்க" என்றாள் அண்ணி, குரல் மாறாமல். "உங்க தங்கச்சி கை வச்சா நேரமா ஆகும்?"

அவளைப் பார்த்து எத்தனையோ முறை வயிறெரிந்திருக்கிறேன். அவள் நிறங்களுக்காக, சிரிப்புக்காக, அந்தப் படிக்கட்டுக்காக. அத்தனையும் சேர்ந்தாலும் அந்த நிமிஷத்துக்கு ஈடாகாது. தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாள். நாற்காலியை எடுத்துக்கொண்டாள், அண்ணனை எடுத்துக்கொண்டாள்; இந்தப் பெருந்தன்மையையும் அவளுக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"அண்ணா, நான் அன்னைக்கே பாத்தேன்" என்றேன். "மூணு படகு இருக்குறது தெரிஞ்சுதான் தலையாட்டினேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். முன்னறையில் யாரோ பாஸ்போர்ட் படத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். அன்றிலிருந்து பிரிண்டுக்குப் போகும் முன் அவனே உட்கார்ந்து மூலை மூலையாகப் பார்க்கிறான். அந்த வேலை எனக்குத் திரும்பி வரவில்லை.

"ஏண்டி சொன்ன?" என்றாள் அண்ணி மெதுவாக. முன்னறை ஸ்டூலை இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டாள். "தள்ளி உக்காரு. ஒண்ணு சொல்றேன், நீ படகுக்கு நெறம் கம்மியா வச்சிருக்க."

"நீங்க தண்ணிக்கு அதிகமா வச்சிருக்கீங்க."

"இருக்கட்டும். படகு உன்னோடதாவே இருக்கட்டும்."

மறுநாள் நடுப்பலகையை மாட்டும்போது நானும் போனேன். பெரியவர் மருந்து விட வந்திருந்தார். ஒற்றை விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு. ஒண்ணேதான்" என்று மகளிடம் சொன்னார். அதற்குமேல் அவர் படகைப் பார்க்கவில்லை. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு படகு, ஒரு ஆள், தூக்கிய துடுப்பு.

"அங்க பாரேன்," என்றார், "மரத்தடியில படிக்கட்டு! யாரு எடுத்த படம், கைய எடுத்துக் கும்பிடணும்."

மகள் என்னைக் காட்டினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.