ஜெபக்கூடத்து வைஃபை

வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அந்த மே மாத ஞாயிறு, வெளிநாட்டில், விபோர்க் நகரத்துத் தமிழ் ஜெபக்கூடத்தில் உபவாச ஜெபம். வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்றே தெரியாது. ஜெபத்தை இணையம் வழியாக மற்ற ஊர்ச் சபைகளுக்கு அனுப்புவது நேதனின் பொறுப்பு. அலுவலகத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கெட்டிக்காரன்தான். ஆனால் கையில் மைக் கிடைத்துவிட்டால் தலைகால் தெரியாது.

படம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான ரண்டர்ஸ் சபையிலிருந்து போன் மேல் போன். நேதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆரோ எங்கட லைனைக் களவா இழுக்கினம். இப்ப பிடிச்சுக் காட்டுறன்,” என்றான் மைக்கில்.

சத்தம் போடாமல் செய்திருக்கலாம். அவன் தன் மடிக்கணினியின் கறுப்புத் திரையைப் பாட்டு வரிகள் ஓடும் சுவரிலேயே காட்டினான். பிங் கட்டளையால் வலையமைப்பின் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். பிறகு ஆர்ப் கட்டளை. பதில் சொன்ன கருவிகளெல்லாம் சுவரில் வரிசையாக வந்து நின்றன. ரவுட்டர், பாஸ்டரின் கணினி, பிரிண்டர். கடைசியில் ஒன்று, யாருடையது என்று தெரியாதது.

“ஜெபத்துக்கு வந்து படம் பாக்கிறவர், இனி முழிச்சுக்கொண்டு இருங்கோ,” என்று சொல்லி, ரவுட்டருக்குள் போய் அந்தக் கருவியைத் தடுத்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். படமும் சீராகியது. நேதனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனான். அங்கே தேவமலர் அக்கா கதவைச் சாத்திவிட்டு, காற்றாடி இரைச்சலில், உபவாசம் முடிக்க எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பானைக்குப் பக்கத்தில் மகளின் சின்ன மடிக்கணினி.

“தம்பி, நல்ல நேரம் வந்தீங்கள். இதை ஒருக்காப் பாருங்கோ. என்ர தம்பி நீக்கிலாஸ் உயிரோட இருக்கிறான்! வவுனியா ஆசுப்பத்திரியில ஒரு பாஸ்டர் ஸ்கைப்பில எடுத்துத் தந்தவர். அம்மா எங்கையடா எண்டு கேட்டன். சொல்லத் தொடங்கினவன், அதோட லைன் போயிட்டுது.”

சுவரில் கடைசியாக வந்த கருவி இதுதான் என்று நேதனுக்குப் புரிந்தது.

“கனெக்சன் பிழை அக்கா,” என்றான். ஓடிப்போய்த் தடையை எடுத்துவிட்டு வந்தான். திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

“பறவாயில்லை. நீங்கள் உடன ஓடிவந்து பாத்ததே பெரிய காரியம்,” என்றாள் அக்கா. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அவன் கூனிக்குறுகி வெளியே வந்தான்.

சாட்சி சொல்லும் நேரத்தில் முதல் ஆளாக அக்காதான் எழுந்தாள்.

“என்ர தம்பி உயிரோட இருக்கிறான். அம்மாவைப் பற்றிச் சொல்லேக்கை லைன் அறுந்துபோச்சு. நேதன் தம்பிதான் திருத்தித் தந்தவர். அவருக்காகவும் ஜெபியுங்கோ.”

சாட்சி முடிந்தால் சபை ‘அல்லேலூயா’ சொல்ல வேண்டும். அதற்குப் பதில் எல்லாத் தலைகளும் நேதன் பக்கம் திரும்பின. அக்கா ஒன்றும் விளங்காமல், தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதுபோல் நின்றாள்.

நேதன் எழுந்தான்.

“லைனை அறுத்தது நான்தான் அக்கா.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை.

“அப்ப அவனை இன்னொருக்கா எடுத்துத் தாங்கோ, தம்பி,” என்றாள்.