உப்புமேரி வைத்த பாயசம்

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலையில் சாந்தாமேரி செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாளிடம் ஒப்படைத்ததுதான்.

"நாளைக்கு வாங்கிக்கறேனுங்க. அதுவரைக்கும் நானே வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்க" என்றாள்.

கிருஷ்ணம்மாள் காரணம் கேட்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த எஸ்டேட் லயன் வீடுகளில் காரணம் தெரியாதவர்கள் என்று பார்த்தால், தொட்டிலில் கிடந்த இரண்டு குழந்தைகள்தான்.

சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டுப் பக்கத்து அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் பூசை முடிந்ததும், காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் பாய் விரித்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பண்டம் வரவேண்டும். மாதா கோவிலுக்குப் போகிற வீடு, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. யார் வீட்டிலிருந்து எது என்பதை உபதேசியார் கிறிஸ்துதாஸ் முந்தின வாரமே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

போன வருடம் சாந்தாமேரிக்கு வந்தது இனிப்பு. பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். இதைவிடச் சுலபமான இனிப்பு உலகத்தில் உண்டா? பருப்பை வேகவைத்து, வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் முடிந்தது. அந்தப் பாயசம்தான் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது. யாராவது துப்பியிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும். ஒருவரும் துப்பவில்லை. மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். அவள் புருஷன் லூர்துராஜ் மட்டும், "பாயசத்துக்கு ஊறுகாய் வேண்டாமுங்க, உப்புமேரி எல்லாம் சேர்த்தே போட்டுட்டா" என்று சத்தமாகச் சொன்னான். களமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் உப்புமேரி. காபி பறிக்கும்போதும் உப்புமேரி, குழாயடியிலும் உப்புமேரி.

வைக்கும்போதே ருசி பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்க முடியாது, சமைப்பது ஈஸ்டருக்கு முந்தின நாள், தவக்காலம் இன்னும் முடியாத நாள். நான்கு வருடத்துக்கு முன்னால் லூர்துராஜ் ஓட்டிவந்த எஸ்டேட் லாரி மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் ஓரத்துக்குப் போய், ஒரு சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப்பக்கம் வெறும் பள்ளம். அவன் சட்டை கசங்காமல் இறங்கி வந்தான். அந்த வருடத்திலிருந்து தவக்காலம் நாற்பது நாளும் அவள் இனிப்பைத் தொடுவதில்லை. காபியில்கூடச் சர்க்கரை கிடையாது. நாக்கு நுனியில் பட்டாலும் நேர்ச்சை முறிந்த மாதிரிதான். யாருக்காக நேர்ந்துகொண்டாளோ அவனே பேர் வைத்தான் பாருங்கள், ஆம்பளைகளின் நன்றி அவ்வளவுதான்.

கேலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவளும் ஒரு சிட்டிகைதான் போட்டாள். ஆனால் ஊரே சொல்லச் சொல்ல, ஒரு பிடியாகப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று அடுப்பின் முன்னால் திகைத்து நின்றாள். தன் கையையே நம்ப முடியாமல் ஒரு வருடம் வாழ்வது சாதாரண வேதனையா? அதனால்தான் இந்த வருடம் உபதேசியாரிடம் அவளே போய், "இனிப்பு எனக்கே குடுங்க, அதே பாயசம் வெக்கறேன்" என்று கேட்டு வாங்கினாள். இந்த முறையும் தவறினால் தன் கை தவறுகிற கைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

உப்பு ஜாடி வீட்டை விட்டுப் போயிற்று. பாயசமும் தயாராயிற்று. ருசி பார்க்கத்தான் ஆள் வேண்டும். லூர்துராஜ் லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போயிருந்தான். கிருஷ்ணம்மாளைக் கூப்பிடலாம், நல்லவள்தான், ஆனால் அவள் காதில் விழுந்தது ஒண்டிக்கடை பஜார் வரைக்கும் போகாமல் நிற்காது. நல்லவேளையாகத் தலைச்சோலைக் கிராமத்து ஆராயி கூடையோடு வந்தாள். தினைமாவும் மலைத்தேனும் லயன் லயனாகக் கொண்டுவந்து விற்கிறவள்.

"ஆராயிக்கா, ஒரு வாய் ருசி பாத்துச் சொல்லுங்க."

"ஐயோ கண்ணு, இன்னிக்குச் சனிக்கெழமை. சேர்வராயனுக்கு ஒருபொழுது. பன்னெண்டு மணி அடிக்காம பச்சத்தண்ணி தொடமாட்டேன்."

சாந்தாமேரி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆராயியும் கூடையை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடுவில் பாயசம் ஆவி பறந்தது.

"உன்ற சாமிக்காவ நீ தொடமாட்டே, என்ற சாமிக்காவ நான் தொடமாட்டேன். பாயசம் பாவம், என்னதான் பண்ணும்!" என்றாள் ஆராயி.

ஒருவழியாக எஸ்டேட் மணி அடித்தது. ஆராயி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினாள். முகம் சுருங்கியது.

"கரிக்குது கண்ணு."

சாந்தாமேரிக்கு உலகமே இருண்டது. "உப்பே போடலீங்க்கா! ஒரு சிட்டிகைகூடப் போடலீங்க! ஊட்டுலயே உப்பு இல்லீங்க!" என்று சின்னக் குழந்தை மாதிரி அழுதாள்.

"ஊட்டுல இல்லாத உப்பு சட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்ட ஆராயி, அடுப்போரம் மிச்சமிருந்த வெல்லக் கட்டியை எடுத்து ஓரத்தைக் கடித்தாள். மெதுவாக மென்றாள். பிறகு சிரித்தாள். "அட, வெல்லமே கரிக்குது! உப்புத் தண்ணி பாயற காட்டுக் கரும்பு இது. பாக்கறதுக்கு அழகா இருக்கும், வாயில வெச்சாத்தான் தெரியும். யாரு வாங்கியாந்தது?"

"அவருதானுங்க... சேலத்துல இருந்து வர்றப்ப வழியில. அழகா செவந்து இருக்குதுன்னு போன வருசமும் அங்கதான்..."

சொல்ல வந்ததை அவள் முடிக்கவில்லை. போன வருடமும்! அப்படியென்றால் அவள் போட்டது ஒரு சிட்டிகைதான். எண்ணிப் பார்த்தால் முன்னூற்றுச் சொச்சம் நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. "என்ற கை தவறலீங்க்கா! தவறல!" என்று ஆராயியைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"செரி செரி, நாளைக்கு எதைக் கொண்டு போவே? சட்டியை அடுப்புல வையி" என்றாள் ஆராயி.

கூடையிலிருந்த தினைமாவை வாசனை வரும்வரை வறுத்தார்கள். இறக்கி, ஏலக்காயைத் தட்டிப்போட்டு, கொஞ்சம் நெய் விட்டு, தேனை ஊற்றிப் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தார்கள். பாகுப் பதம் பார்க்கும் வேலையில்லை, உப்பு ஜாடிக்கும் வேலையில்லை. ஆராயி ஒன்றைத் தின்று பார்த்து, "நொம்ப நல்லா இருக்குது" என்று சத்தியம் செய்தாள். கரித்த பாயசத்தைக் கிருஷ்ணம்மாளின் பசு சட்டி பளபளக்க நக்கியது. புருஷன் வந்து சேர்ந்தபோது சாந்தாமேரி மூச்சு விடவில்லை. மிச்ச வெல்லக் கட்டியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் களத்தில் பாய் விரித்தாயிற்று. புளிச்சோறு, கறிக்குழம்பு, முறுக்கு என்று ஒவ்வொரு வீடாக வந்தது. சாந்தாமேரி தட்டோடு வந்ததும் லூர்துராஜ் வழக்கம்போல ஆரம்பித்தான். "எல்லாரும் தண்ணி எடுத்து வெச்சுக்கங்க, உப்புமேரி வந்தாச்சு!"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "ஏனுங்க, மொதல்ல நீங்க இதைத் தின்னு பாருங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வெல்லத்தை வாயில் போட்டான். இரண்டு கடி கடித்தான். கடித்த வாய் அப்படியே நின்றது.

"கரிக்குதுங்களா?"

"கரிக்குது."

"நீங்க வாங்கியாந்த வெல்லந்தானுங்க. போன வருசமும் நீங்கதான் வாங்கியாந்தீங்க. என்ற உப்பு ஜாடி நேத்துக் காலையில இருந்து கிருஷ்ணம்மாக்கா ஊட்டுல இருக்குது."

"ஆமாமா, எங்கூட்லதான் இருக்குது!" என்று கிருஷ்ணம்மாள் களத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி சாட்சி சொன்னாள். அந்த வாய்க்கும் ஒருநாள் உபயோகம் வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. லூர்துராஜ் துப்பியிருக்கலாம். துப்பவில்லை. வெல்லத்தை முழுவதும் மென்று விழுங்கினான்.

"உன்னைய ஒரு வருசமாச் சொன்னதெல்லாம் தப்பு மேரி" என்றான். பிறகு எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "இனிமே அந்தப் பேரு எனக்குங்க. அவளை யாரும் அப்படிக் கூப்புடக் கூடாது."

"உப்புலூர்து!" என்றார் உபதேசியார். களம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை சாந்தாமேரியும் சேர்ந்து சிரித்தாள்.

லூர்துராஜ் அவள் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு தினையுருண்டையை எடுத்தான். தின்னப்போகிறான் என்று நினைத்தாள், அவன் அதை அவள் பக்கம் நீட்டினான். "நாப்பது நாளாச்சு. எனக்காவத்தானே? நீ மொதல்ல தின்னு."

இத்தனை பேர் முன்னாலா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நாற்பது நாள் கழித்துத் தேன் தொண்டையில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உப்பு சரியா இருக்குதா?" என்று அவன் பயந்துகொண்டே கேட்டான்.

"உப்பே இல்லீங்க" என்றாள் சாந்தாமேரி. சொல்லிவிட்டு, மற்றவர்கள் கை நீட்டுவதற்கு முன்பே இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.